சுழிவீட்டு மஞ்சள் பைகள்

கருவேலங்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, புஷ்பம் கம்ப்யூட்டர் சென்டருக்கும் ராமதிலகத்தின் தையல் கடைக்கும் நடுவே, திங்கட்கிழமை சாயங்காலம் வரை ஒரே ஒரு செங்கல் சுவர்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்க வந்தபோது அந்தச் சுவர் இருந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது. இரண்டு கடைகளும் ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்கவில்லை, டீக்கடை பெஞ்சும் மின்கம்பமும் போட்டது போட்டபடி இருந்தன, ஆனாலும் நடுவில் பச்சைக் கதவும் இரண்டு ஜன்னலும் ஓட்டுக்கூரையுமாக, முந்தாநாள் வெள்ளையடித்து முடித்ததுபோல ஒரு வீடு நின்றது. பிற்பாடு சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தார். தெருவின் நீளம் பழைய நீளம்தான், வீட்டின் அகலம் இருபத்திரண்டு அடி, இரண்டும் சரியாகவே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கதவுக்கு மேலே நீலப் பெயின்டில் ஒரு வரி எழுதியிருந்தது. தங்கபுஷ்பம் என்ற பெயர், அதை ஒட்டி எழுபத்தெட்டு என்று ஒரு எண், அதற்குப் பிறகு தாம்பாளம் அகலத்துக்கு, மெயில் முகவரியின் நடுவில் வருகிற சுழி, சுழிக்குப் பின்னால் மெயில் கம்பெனியின் பெயர். யாரும் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பதினேழு வருஷமாக அந்த ஊரில் எவர் எந்த விண்ணப்பம் போட்டாலும் அதில் அந்த வரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் யாரோ சுழிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார்கள், வீட்டுக்குச் சுழிவீடு என்று பெயரும் விழுந்துவிட்டது.

அந்த வரி எல்லோர் விண்ணப்பத்திலும் வந்த கதை இதுதான். பாஸ்போர்ட்டோ ஸ்காலர்ஷிப்போ, போலீஸ் வேலையோ நர்சிங் சீட்டோ, எதற்கு வந்து கம்ப்யூட்டர் சென்டர் புஷ்பத்தின் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாலும் விண்ணப்பம் ஓரிடத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு மின்னஞ்சல் முகவரி என்று கேட்கும், புஷ்பம் தலையைத் தூக்காமலே "மெயில் ஐடி இருக்கா?" என்பாள், வந்தவர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல "அதெல்லாம் இல்லக்கா" என்பார், அவள் தன்னுடையதையே தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு தாள் வரும், அதை பிரின்ட் எடுத்து நீட்டியதோடு அவள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்குள் யாருக்கு என்ன வந்து விழுந்தது என்று அவள் பார்த்ததே கிடையாது. பார்க்க நேரமும் இல்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஓரத்தில் படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை நாற்பத்தோராயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது, வாசலில் ஓடும் சாக்கடைச் சத்தம் பழகிப்போகிற மாதிரி அதுவும் பழகிப்போயிற்று. வீடு வருவதற்கு முந்தின நாள் மட்டும் திரையில், பெட்டி நிரம்பிவிட்டது, இனி இங்கே இடமில்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. அவள் அதையும் மூடிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

மெயில்தான் இல்லையே தவிர, போன் நம்பர் எல்லோருக்கும் இருந்தது. அதிலும் ஒரு கூத்து உண்டு. கருவேலங்குறிச்சியில் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை நம்பர் மாறும். கொடை நடக்கும் மூன்று நாளும் சிவப்புக் குடைக்குக் கீழே சிம் விற்கிறவர்கள் வந்து உட்காருவார்கள், புது நம்பர் எடுத்தால் பிளாஸ்டிக் வாளி இலவசம் என்பார்கள், வாளி வேண்டாம் என்று சொல்கிற குடும்பம் எங்கேயாவது உண்டா? ஊரில் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் நாலு கலரில் வாளி இருந்தது. விட்டுப்போன நம்பர்கள் கொஞ்ச நாள் சும்மா கிடந்துவிட்டு, எங்கெங்கோ இருக்கிற ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்படி நம்பர் ஆள் மாறிக்கொண்டே போயிற்று, முகவரி ஆளில்லாமல் ஒரே இடத்தில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஊர் நிம்மதியாக வாழ்ந்தது.

வீட்டுக்குள் முதலில் போனவர் தபால்காரர் சேவுகன். ஒரு வாசல் இருந்தால் அதற்குள் எட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. உள்ளே கல்யாண மண்டபம் கணக்காக நீண்ட ஒரே கூடம், இரண்டு பக்கச் சுவரிலும் வரிசை வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு மஞ்சள் துணிப்பை, தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே அந்தப் பை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், விண்ணப்பத்தில் அடித்த மாதிரியே தகப்பன் பெயரோடும் பிறந்த தேதியோடும். சேவுகன் தன் மருமகனின் பையை எடுத்துப் பார்த்தார், உள்ளே தாள்தாளாகக் கடிதங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பையில் பொத்தென்று இன்னொன்று விழுந்தது. வெளியே வந்து தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். "பத்துப் பதினஞ்சு வருசமா இந்த ஊருக்குக் கடுதாசி வரல, காலம் மாறிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "அம்புட்டும் இங்கல்ல வந்து குமிஞ்சிருக்கு!"

ஊர் ரொம்ப நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. மறுநாளே மின்வாரிய ஆள் வந்து, கம்பி இல்லாமல் விளக்கு எரிகிறதே என்று மீட்டர் பெட்டியைத் தேடினார், கிடைக்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று கம்பத்தில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார். விஏஓ வந்து குடியிருப்போர் எத்தனை பேர் என்று கேட்டார், ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்றார்கள், ஒரே கதவிலக்கத்தில் எழுத இடம் போதாதே என்று அவர் கவலைப்பட்டாரே ஒழிய வேறு எதற்கும் கவலைப்படவில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் எந்தப் பக்கச் சுவர் யாருக்கு என்று தகராறு பண்ணப் பார்த்தன, ஆனால் பைகள் பிறந்த தேதி வரிசையில் தொங்கியதால் ஒன்றும் செய்யமுடியாமல் பக்கத்துப் பக்கத்தில் நின்று தேடிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பையனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீட்டில் பங்கு இருக்கிறதாமே என்று விசாரித்தார்கள். வெயில் நேரத்தில் ஆடுகள் போய்ப் படுத்தன.

கடிதங்களில் முக்காலே மூணுவீசம் விளம்பரம். ஊர்ச்சனம் அதை விளம்பரமென்று எடுத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் வேலை பார்த்து ஓய்ந்த சொக்கையாவின் பையில், எந்தக் காலத்திலோ கணக்குத் தொடங்கிய ஒரு பேங்க் பதினோரு வருஷம் தவறாமல் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. மனுஷன் பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர், தன் பிறந்தநாள் எது என்றே மறந்திருந்தவர். பதினோரு தாளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புஷ்பத்தின் கடைக்கு வந்தார்.

"தாயி, இதுக்கு ஒரு பதில் எழுதணும். இம்புட்டு வருசம் போட்டுருக்காக, நாம ஒண்ணுமே சொல்லாம இருந்தா என்ன நெனப்பாக?"

"அது மிஷின் அனுப்புறது தாத்தா."

"மிஷின்னா என்ன? மறக்காம போட்டுருக்குல்ல. நல்லாருக்கேன்னு எழுது."

புஷ்பம் எழுதினாள். அவள் கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எல்லோரும் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அடுத்த கடைக்காரி ராமதிலகம் மட்டும் இன்னும் வரவில்லை.

ராமதிலகம் புஷ்பத்துக்கு இரண்டு வயது இளையவள். இரண்டு கடையும் ஒரே மாதத்தில் திறந்தவை. இருவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒற்றைச் சுவர் இருவருக்கும் போன் மாதிரி. ஒரு தட்டு தட்டினால் உனக்கும் கரண்ட் போய்விட்டதா என்று கேள்வி, இரண்டு தட்டு தட்டினால் டீ வந்துவிட்டது, வா என்று அர்த்தம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அரசுப் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் வேலைக்கு ராமதிலகம் விண்ணப்பித்தாள். பரீட்சை நன்றாக எழுதியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள், தபாலில் தனிக் கடிதம் வராது, குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மட்டும்தான் என்று விண்ணப்பத்தின் அடியில் போட்டிருந்தது. அந்த வருஷக் கொடையில்தான் அவள் புருஷன் அழகுராசு நீல வாளிக்கு ஆசைப்பட்டு, விண்ணப்பத்தில் கொடுத்திருந்த நம்பரின் சிம்மை மாற்றினான். ராமதிலகம் ஒரு வருஷம் காத்திருந்தாள், இரண்டாம் வருஷம் அழுதாள், வயது வரம்பு தாண்டிய மூன்றாம் வருஷம் நீல வாளியை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு வெட்டுத்துணி போட வைத்துக்கொண்டாள்.

"நமக்கு வரலக்கா. வந்துருந்தா ஒன் மெயில்லதான வரணும், நீ சொல்லாமலா இருப்ப?" என்று சொல்லுவாள், இத்தனை வருஷமும், டீ குடிக்கிற நேரத்தில், சும்மா பேச்சுவாக்கில்.

புஷ்பம் ஒருதரம்கூடப் பதில் சொன்னதில்லை. நான் பார்க்கவே இல்லையடி என்று முதல் தடவை சொல்லியிருக்கவேண்டும், அப்போது சொல்லவில்லை, அதற்கப்புறம் சொல்லுகிற வாசல் தானாக அடைபட்டுப்போயிற்று. ஒரு நாள் தேடிப் பார்த்திருக்கலாம், பெயரை அடித்தால் அரை நொடியில் வந்திருக்கும். வந்துவிடுமே என்ற பயத்தில்தான் அவள் தேடவில்லை.

வீடு வந்த நாலாம் நாள் மத்தியானம், ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து அவள் கூடத்துக்குள் போனாள். ராமதிலகத்தின் பை அதிக கனமில்லை. உள்ளே ஆறேழு தாள். நாலாவதாக இருந்தது அது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசல் ஆவணங்களுடன் நேரில் வரவும், வரத் தவறினால் இன்னொரு வாய்ப்பு தரப்படாது. தேதி, நேரம், கட்டடத்தின் பெயர், எந்த மாடி என்பது வரை தெளிவாக இருந்தது. அந்தத் தேதியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று புஷ்பம் யோசித்தாள். வழக்கம்போல ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து யாருக்கோ தன் முகவரியைத் தட்டிக்கொண்டிருந்திருப்பாள். தாளைப் பையில் போட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

அந்த வாரத்தில்தான் அந்தச் சங்கதியும் தெரியவந்தது. கடைக் கம்ப்யூட்டரில் சும்மா ஒரு செருப்பு விளம்பரத்தை அழித்தாள், பக்கத்துச் சுழிவீட்டிலிருந்து "ஏய், என் கடுதாசியக் காணமே!" என்று சத்தம் கேட்டது. படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்தே தாள் மறைந்துபோயிருந்தது. குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டெடுத்தாள், "ஆங், வந்துருச்சு வந்துருச்சு" என்றார் அவர். ஊருக்கு அது ஒரு வேடிக்கை. புஷ்பத்துக்கு அது வேடிக்கையாக இல்லை, ஏனென்றால் ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், ராமதிலகத்துக்கு அந்த வேலை வரவே இல்லை என்பது என்றென்றைக்கும் உண்மையாகிவிடும். அவளும் அப்படித்தானே நம்பியிருக்கிறாள், நம்பித்தானே ஆறியிருக்கிறாள், ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று புஷ்பம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். தினமும் அந்தக் கடிதத்தைத் திரையில் திறப்பாள், அம்புக்குறியை அழிக்கிற இடத்துக்குக் கொண்டுபோவாள், யாராவது ஸ்டூலில் வந்து உட்காருவார்கள், மூடிவிடுவாள். நடுவில் இருபத்திரண்டு அடி வீடு நின்றதால் சுவர் தட்டலும் இல்லை. ராமதிலகம் டீயைத் தன் கடையிலேயே குடித்தாள், எதிர்ப்பட்டால் "வேல ஜாஸ்திக்கா" என்றாள். எல்லோரும் பை வாங்குகிறார்களே நீ போகவில்லையா என்று சேவுகன் கேட்டதற்கு, "எனக்கு என்ன வந்துருக்கப் போவுது" என்று ஊசியில் நூல் கோத்தாள்.

இருபதாம் நாள் காலை புஷ்பம் கடையைத் திறக்கவில்லை. நேரே கூடத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குள் நுழைந்தாள். ராமதிலகம் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"திலகம். ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

நீ, வா, போ என்று பேசுகிறவள் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு 'சொல்லுங்க' வந்தது. புஷ்பம் பையை வெட்டுப்பலகை மேல் வைத்தாள்.

"ஒனக்கு வேலை வந்துச்சு. என் பெட்டிக்குத்தான் வந்துச்சு. நான் பாக்கல. பாக்கலன்னு ஒன்கிட்ட சொல்லவும் இல்ல."

ராமதிலகம் பையைத் தொடவில்லை. மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"நாலாவது தாளு. ரெண்டாவது மாடி, காலை பத்தரை மணி" என்றாள். "மொத நாளே பாத்துட்டேன். சேவுகன் அண்ணன் வெளிய வந்ததும் அடுத்து உள்ள போனது நான்தான். படிச்சிட்டுத் திரும்ப மாட்டிட்டேன்."

புஷ்பம் பலகை மேலிருந்த பையைப் பார்த்தாள்.

"பழைய நம்பருக்கும் போட்டுப் பாத்தேன். இப்ப அது எவனோ லாரி ஓட்டுற பயகிட்ட இருக்கு. மூணாவது ஆளாம். 'ராமதிலகம் டீச்சரான்னு ஆரம்பத்துல ரெண்டு தடவ கேட்டாங்களாம், முன்னாடி இத வச்சிருந்த எங்கண்ணன் சொன்னாருக்கா'ங்கறான். டீச்சருன்னு கூப்பிட்டுருக்காங்க, பாத்தீங்களா. யாருகிட்டயோ கூப்பிட்டுருக்காங்க." அவள் குனிந்து நீல வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளினாள். "வாளி நல்ல வாளி. இன்னும் ஒடையல."

"இத்தன நாளு ஏன் திலகம் என்னைக் கேக்கல?"

"நீங்க கொண்டாருவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். தெனம் காலையில போயி பையில அது இருக்கான்னு பாப்பேன். நீங்க அழிச்சா காணாமப் போயிரும்னு ஊருக்கே தெரியுமே. இருக்கும். இன்னிக்கும் இருந்துச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அழிச்சிருந்தா, சாகுற மட்டும் இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்குன்னே நெனச்சிருக்க மாட்டேன்."

"நான் என்ன செய்யணும் சொல்லு, செய்யிறேன்."

"எனக்குன்னு ஒரு அட்ரஸ் போட்டுக் குடுங்க. நானே தெறக்கணும், நானே பாக்கணும். சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, அதுக்கு மேல பேச வேணாம்."

அன்றைக்கே போட்டுக் கொடுத்தாள். அது அத்தனை லேசில் முடிகிற வேலையில்லை. மெயில் தொடங்க போன் நம்பர் கேட்டது, நம்பரைத் தொலைத்தால் மெயிலைக் காட்டு என்றது, இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றுகொண்டு ஆளை மட்டும் நம்ப மறுத்தன. ராமதிலகம் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள், பாஸ்வேர்டு அடிக்கும்போது புஷ்பத்தைத் திரும்பி நிற்கச் சொன்னாள். புஷ்பம் திரும்பி நின்றாள், காலண்டரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

ராமதிலகத்தின் பெயரில் முகவரி திறந்த அந்த நேரத்தில் சுழிவீட்டில் அவள் ஆணி காணாமல் போயிற்று, வீடு ஒரு நூல் ஒடுங்கிற்று. சர்வேயர் மறுபடி வந்து அளந்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் புஷ்பம் ஒரு விண்ணப்பத்துக்கும் தன் முகவரியைப் போடவில்லை. மெயில் இல்லை என்று வந்தவர்களைப் போட வைத்தாள், ஏற்கெனவே தன் முகவரியில் விண்ணப்பம் போட்டவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். சிலர் முனகினார்கள், உன்னுடையதே இருக்கட்டுமே தாயி, நாங்கள் என்ன வேற்றாளா என்றார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்தாற்போல் பாஸ்வேர்டுக்குக் குலதெய்வத்தின் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் வைத்தார்கள், அதை மாற்றச் சொல்வதற்குள் புஷ்பத்துக்குத் தொண்டை வற்றியது, சாமி பெயரைவிடப் பலமான பூட்டு உண்டா என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். சொக்கையா தன் முகவரியில் தகப்பன், தாத்தா, ஊர், அம்மன் எல்லாம் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கே பேங்குக்கு முகவரி மாறிய விவரத்தை எழுதச் சொன்னார். இன்னொரு காரியமும் நடந்தது, அடுத்த கொடைக்கு வந்த சிவப்புக் குடைக்காரர்களிடம், வாளியை எடுத்துக்கொண்டு போங்கள், நம்பரை மாற்றமாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் மறைவாகப் போய் வாளி வாங்கினார்கள்.

ஆணி குறையக் குறைய வீடு ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஜன்னல்கள் ஒன்றாயின, ஆடுகள் ஒருக்களித்துப் படுத்தன, பிறகு படுக்க இடமில்லாமல் வெளியே வந்தன. கதவு ஒரு பலகை அகலமாயிற்று, சுழி மட்டும் குங்குமத்தோடு நெற்றிப்பொட்டளவில் மிச்சம் நின்றது. ராமதிலகம் இத்தனை மாதத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதனால் புஷ்பம் அதைத் தணிக்கப் பார்க்கவில்லை. ஆனால் பாழாய்ப்போன டீ நேரம் வந்தால் கை தானாகச் சுவர்ப் பக்கம் போகும், நடுவில் வீடு இருப்பது ஞாபகம் வந்து திரும்பிவிடும்.

பங்குனி முடிகிற வாரத்தில் ஒரு காலை அவள் கடையைத் திறந்தபோது வீடு இல்லை. பழைய செங்கல் சுவர், பழைய சுண்ணாம்புக் கறையோடு, அதே இடத்தில் இருந்தது. அவள் பக்கச் சுவரில் ஒரே ஒரு ஆணி, ஆணியில் ஒரு மஞ்சள் பை. பெயர் தங்கபுஷ்பம், தகப்பன் பெயர், பிறந்த தேதி. ஆறாயிரம் பைகளில் தன் பையை அவள் ஒருநாளும் தேடியதில்லை, தனக்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்ததுகூட இல்லை. உள்ளே கையை விட்டாள். ஒரே ஒரு தாள் இருந்தது. எழுத்துகள் விட்டுவிட்டு, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டியவையாகத் தெரிந்தன.

'புஷ்பக்கா இது என் அட்ரஸ்ல இருந்து நானே அடிக்கிற மொத லெட்டர். நீ படிக்கிறியான்னு பாக்கத்தான். படிச்சா ரெண்டு தட்டு தட்டு. திலகம்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள், 'நீ' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நான்காம் முறையும் படித்தாள். பிறகு சுவரை இரண்டு தட்டு தட்டினாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.